வளைந்து கொடுக்காத விசுவாசம்: வேதசாட்சி புனித தேவசகாயம்



நம் பங்கின் யூபிலி மலருக்கு என்ன எழுதலாம் என்று பல நாள் யோசித்தோம். கோவில் கட்டிய வரலாற்றையும், இங்கே உழைத்துச் சென்ற குருக்களின் பெயர்களையும், பக்த சபைகளின் பணிகளையும் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். நமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறோம். அவர் நமக்கு அந்நியர் அல்லர். கூடங்குளத்திலிருந்து விடியற்காலையில் நடக்கத் தொடங்கினால், உச்சி வெயில் ஏறுமுன் வடக்கன்குளம் போய்ச் சேரலாம். அங்கேதான் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஆடியிலே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சீறி வருகிற காற்று நம் பனைகளையும் அசைக்கிறது. அந்தக் கணவாயின் ஓரத்தில்தான் அவர் தம் உயிரைக் கொடுத்தார். அவரே வேதசாட்சி புனித தேவசகாயம்.

அவருடைய வாழ்க்கையை நம்மில் பலர் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருவிழாக்களில் நாடகமாகப் பார்த்திருக்கிறோம். எருமை மேல் ஏற்றியதும், மிளகாய்ப் பொடி தூவியதும், பாறையில் தண்ணீர் சுரந்ததும் நினைவில் நிற்கின்றன. ஆனால் அவர் எதற்காக இவ்வளவையும் தாங்கினார் என்ற கேள்வியை நாம் அதிகமாகக் கேட்பதில்லை. யூபிலி ஆண்டிலாவது கேட்க வேண்டாமா?

நட்டாலத்து நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ஒரு குழந்தை பிறந்தது. நீலகண்டன் என்று பெயரிட்டார்கள். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, காயங்குளத்திலிருந்து வந்தவர். கோவில் பணியில் இருந்தவர். தாய் தேவகி அம்மாள். தாய்வழி மரபுப்படி பிள்ளை நாயர் குடும்பத்தில் வளர்ந்தது. நிலபுலனுக்குக் குறைவில்லை, அரண்மனையில் செல்வாக்குக்கும் குறைவில்லை. அக்கால உயர்குடிப் பிள்ளைகளைப் போலவே அவரும் மொழிகளைக் கற்றார். ஆயுதப் பயிற்சியும் பெற்றார்.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. 1729-இல் பட்டத்துக்கு வந்து, சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கி, ஒரு பலமான நாட்டை உருவாக்கியவர். தலைநகரம் பத்மநாபபுரம். அந்த அரண்மனையின் சேவையில் நீலகண்டப் பிள்ளை சேர்ந்தார். நீலகண்டசுவாமி கோவிலின் அலுவல்களையும் பார்த்து வந்தார். பார்கவி அம்மாள் என்ற பெண்ணை மணந்தார். உலகம் ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடியவற்றில் பெரும்பகுதி அவரிடம் இருந்தது. குலம் இருந்தது, பதவி இருந்தது, வீதியில் நடந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்கும் மதிப்பும் இருந்தது.

அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். அன்றைய திருவிதாங்கூரில் ஒதுங்கி நிற்பது வெறும் மரியாதை அன்று. அது சட்டம் போன்ற வழக்கம். இன்ன சாதிக்காரன் இன்ன சாதிக்காரனிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும், இன்ன வழியில் நடக்கக்கூடாது, இன்னாரோடு உண்ணக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்தது. மீறியவன் கீழ்ச்சாதியானால் உயிருக்கே ஆபத்து. மேல்சாதியானால் குலத்தை விட்டு விலக்கு. மீன் தண்ணீரைப் பற்றி யோசிக்காததுபோல் அன்றைய மனிதர் இந்த ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கவில்லை. நீலகண்டரும் அதிலேதான் பிறந்து வளர்ந்தார்.

குளச்சல் போரும் டிலனாய் தளபதியும்

1741-இல் குளச்சலில் மகாராஜாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்தது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் யுஸ்டேஷியஸ் டிலனாய். மகாராஜா அவருடைய திறமையைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். கைதியாக வந்தவர் தளபதியாக உயர்ந்து, 1777-இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறையை இன்றும் பார்க்கலாம். அவர் கத்தோலிக்கர்.

அலுவல் காரணமாக நீலகண்டரும் டிலனாயும் பழகினார்கள். அந்த நாட்களில் நீலகண்டரின் வீட்டில் துன்பத்தின்மேல் துன்பம். ஆடுமாடுகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, சொத்துக் கரைந்தது. மனம் சோர்ந்திருந்த நண்பருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை இழக்காத அந்த மனிதரின் கதை நீலகண்டரின் உள்ளத்தைத் தொட்டது. அதிலிருந்து கேள்விகள் பிறந்தன. கேள்விகளிலிருந்து விசுவாசம் பிறந்தது. இங்கே விசுவாசத்தை விதைத்தவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். குடும்பமும் உத்தியோகமும் உள்ள ஒரு படைவீரர், வேலைக்கு நடுவே நண்பனிடம் பேசிய பேச்சில் அது நடந்தது. பொதுநிலையினரின் பணி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நாம் அடிக்கடி பேசுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வடக்கன்குளத்தில் பிறந்த புதுப் பெயர்

டிலனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இயேசு சபையைச் சேர்ந்த இத்தாலியக் குரு புத்தாரி அடிகளார் பணியாற்றினார். மக்கள் அவரைப் பரஞ்சோதி நாதர் என்று அழைத்தார்கள். அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் மனம் மாறினால் என்ன விளையும் என்று அடிகளாருக்குத் தெரியும். ஆகவே வந்தவரின் உள்ளத்தைச் சோதித்துப் பார்த்து, கற்பிக்க வேண்டியதைக் கற்பித்து, அதன் பிறகே 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் திருமுழுக்கு அளித்தார். அப்போது அவருக்கு வயது 33. லாசர் என்னும் விவிலியப் பெயருக்கு இறைவன் உதவினார் என்று பொருள். அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். பின்னர் அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசா என்ற பெயரின் தமிழ் வடிவம் அது.

இந்தப் பெயர்களில் ஒரு பாடம் இருக்கிறது. கிறிஸ்தவர் ஆனதும் அவர்கள் பரங்கிகள் ஆகிவிடவில்லை. பேச்சு மாறவில்லை, மொழி மாறவில்லை, மண் மாறவில்லை. மதுரை மிஷனில் தத்துவ போதகர் தே நொபிலி காலத்திலிருந்தே குருக்கள் காவி உடுத்து, தமிழ் கற்று, இந்நாட்டவராகவே வாழ முயன்றார்கள். எனவே சூழ்ந்துள்ள பண்பாட்டை எல்லாம் உதறுவதுதான் விசுவாசம் என்று யாரும் எண்ண வேண்டாம். பொங்கல் இடுவதும், கோலம் போடுவதும், பெரியவர் காலில் விழுந்து ஆசீர் பெறுவதும் கிறிஸ்துவுக்கு விரோதம் ஆகா. தேவசகாயம் உதறியது வேறொன்றை.

அவர் செய்த குற்றம் என்ன?

திருமுழுக்குப் பெற்றதற்காக மட்டுமே அவரைக் கொன்றார்கள் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். 1544-லேயே புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்கு அளித்திருந்தார். அந்த ஊர்களில் கோவில்கள் இருந்தன, பூசை நடந்தது. மகாராஜாவின் படைத் தளபதியே கத்தோலிக்கராக அரண்மனைக்கு வந்து போனார். ஆகவே கிறிஸ்தவர் என்பது ஒன்றே மரண தண்டனைக்குரிய குற்றமாக அந்நாட்டில் இருக்கவில்லை.

கடற்கரை மக்கள் தங்கள் ஊரிலே கிறிஸ்தவர்களாக இருக்கலாம். அந்நிய நாட்டுத் தளபதியும் தம் கோட்டைக்குள்ளே கிறிஸ்தவராக இருக்கலாம். ஆனால் அரண்மனை உத்தியோகத்தில் உள்ள ஒரு மேல்சாதிக்காரர், தம் வரிசையை விட்டு இறங்கிவந்து, தாழ்த்தப்பட்ட எளியவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே கலத்தில் உண்டு, இறைவன் முன்னே எல்லாரும் சமம் என்று ஊர் அறியச் சொல்வதா? அது பொறுக்க முடியாததாக இருந்தது. தேவசகாயம் அதைத்தான் செய்தார். திருமுழுக்குத் தண்ணீர் தலையில் விழுந்தபோதே ஏற்றத்தாழ்வும் கழுவப்பட்டுவிட்டது என்று அவர் நம்பினார். நம்பியபடி நடந்தார். பேச்சோடு நின்றிருந்தால் மன்னித்திருப்பார்கள். நடந்து காட்டியதே பகையை வளர்த்தது.

இன்னொன்றையும் நினையுங்கள். தப்பித்துக்கொள்ள அவருக்கு மிக எளிதான வழி ஒன்று இருந்தது. கிறிஸ்துவை மறுதலிக்கக்கூட வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளே செபித்துக்கொண்டு, வெளியே பழைய வழக்கப்படி நடந்திருந்தால் போதும். உள்ளத்தில் கிறிஸ்து, வீதியில் சாதி என்று இரண்டையும் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அந்த வழியை அவர் எடுக்கவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், உலகத்தின் போக்கு என்னும் அச்சுக்குள் உங்களை வார்த்துக்கொள்ளாதீர்கள் என்னும் கருத்தில் புனித பவுல் கற்பிக்கிறாரே, அதற்கு நம் மண்ணில் எழுந்த விளக்கம் தேவசகாயத்தின் வாழ்க்கை.

மூன்று ஆண்டு விலங்கு

1749-இல் அவரைக் கைது செய்தார்கள். ராஜதுரோகம் என்றும், தேவதூஷணம் என்றும், குலத்தைக் கெடுத்தார் என்றும் குற்றம் சுமத்தினார்கள். கைகளைக் கட்டி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து, ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். ஒதுங்கி நின்று வழிவிட்ட அதே மக்கள் முன்னே அவரைச் சிறுமைப்படுத்துவதே நோக்கம். மேல்சாதிக்காரர் ஒருவர் வரிசை மீறினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் காட்ட வேண்டியிருந்தது. உள்ளங்காலில் நாள்தோறும் அடித்தார்கள். புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். குடிக்க அழுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடியபோது அவர் மண்டியிட்டு முழங்கையால் பாறையைத் தட்ட, தண்ணீர் சுரந்தது என்பது வழிவழி வரும் மரபு. முட்டிடிச்சான் பாறை என்ற பெயரில் மக்கள் இன்றும் அங்கே சென்று செபிக்கிறார்கள். பிறகு பெருவிளையில் வெட்டவெளியில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டிவைத்தார்கள். மழையும் வெயிலும் அவர்மேலேயே. ஆனால் நடந்தது என்ன? அவரைக் கண்டு மற்றவர்கள் பயப்பட வேண்டும் என்று கட்டிவைத்தார்கள். மக்களோ அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஆறுதல் தேடி வந்தார்கள், நோயாளிகளைக் கூட்டி வந்தார்கள், செபிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சாதி வேற்றுமை இல்லாமல் எல்லாரும் ஒரே மரத்தடியில் கூடினார்கள். அவர் விரும்பிய சபை அந்த வேப்பமர நிழலில் உருவாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கிடையே 1750-இல் மகாராஜா தம் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்து, சுவாமியின் தாசராகவே ஆளத் தொடங்கினார். அரசையும் கோவிலையும் குல ஒழுங்கையும் ஒன்றாகக் கண்ட அக்காலத்தில், அந்த ஒழுங்கை மீறியவருக்குத் தப்பும் வழி மேலும் குறுகிப்போயிற்று. மகாராஜாவைக் கொடியவர் என்று பழிப்பது நம் கருத்து அன்று. மற்ற மதத்துச் சகோதரர்களைக் குறை சொல்லுவதற்கும் இதை எழுதவில்லை. குறை நம் வீட்டிலும் உண்டு என்பதை இன்னும் சிறிது நேரத்தில் சொல்லுவோம்.

காற்றாடிமலை

முடிவில் அவரை நாட்டின் எல்லையாகிய ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு வந்தார்கள். அங்கேயும் மக்கள் கூட்டம் குறையவில்லை. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் காற்றாடிமலையில் படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டிலே போட்டுவிட்டுப் போனார்கள். வயது நாற்பது நிறையவில்லை. விசுவாசியாக அவர் வாழ்ந்தது ஏழாண்டுக்கும் குறைவு; அதிலும் ஏறக்குறைய மூன்றாண்டு விலங்கில் கழிந்தது.

அவர் விழுந்தபோது மலையிலிருந்து ஒரு பாறை உருண்டு மணிபோல் ஒலித்தது என்பார்கள். மணியடிச்சான் பாறையைத் தட்டிப் பார்க்காத திருப்பயணி இல்லை. சில நாள் கழித்து விசுவாசிகள் அவருடைய எலும்புகளைத் தேடி எடுத்து, கோட்டாற்றுப் புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். ஞானப்பூ அம்மாள் எஞ்சிய நாட்களை வடக்கன்குளத்திலே செபத்தில் கழித்து, அங்கேயே கண்மூடினார். கணவரைப் போல் அவரும் பெரிய வீட்டையும் உறவையும் இழந்தவர். அவருக்கு எருமையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. நீண்ட தனிமைதான் இருந்தது. அவரையும் மறவாதிருப்போமாக.

வடக்கன்குளத்துச் சுவர்

இனிச் சொல்லப்போவது கசப்பானது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

தேவசகாயம் சாதியைக் கழுவிய அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து 120 ஆண்டு கழித்து, 1872-இல் ஓர் ஆலயம் எழுந்தது. அதற்கு ஒரே பீடம். ஆனால் மக்கள் நிற்கும் பகுதி இரண்டு. கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல அவை பிரிந்து நின்றன. நடுவே சுவர். ஒருபுறம் தங்களை மேல்சாதி என்று கருதியவர்கள், மறுபுறம் மற்றவர்கள். குரு ஒரே அப்பத்தை உயர்த்துவார். இருபுறத்தாரும் அதை வணங்குவார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் காணமாட்டார்கள். தேவசகாயத்தின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்ந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா?

1910-இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். ஊரில் கொந்தளிப்பு எழுந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஆலயத்துக்குள்ளே சாதி உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். சுவர் திரும்பவும் எழவில்லை.

திருவிதாங்கூர் அரண்மனை செய்ததைக் கேட்டு நாம் கொதிக்கிறோம். ஆனால் அரண்மனை தேவசகாயத்திடம் எதைக் கேட்டதோ, அதையே பிற்காலத்துக் கிறிஸ்தவர்கள் யாரும் கேளாமலே கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்துவை உள்ளத்தில் வை, சாதியை வீதியில் வை என்ற அந்த ஏற்பாட்டைக் கோவிலுக்குள்ளேயே செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டினார்கள்.

வடக்கன்குளத்தாரை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியாது. நாமும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள். குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறோர் ஊரில் உதவிக் குருவாக இருந்தோம். ஓர் ஏழைத் தாயின் சவ ஊர்வலம் பெரிய தெரு வழியாக வரக்கூடாது, பின்வழியாகக் கல்லறைக்குக் கொண்டு போகவேண்டும் என்று சிலர் வந்து சொன்னார்கள். ஊர் அமைதி முக்கியம் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, சிலுவையைப் பிடித்து முள்ளும் மேடும் நிறைந்த பின்வழியே நடந்தோம். அந்தத் தாயின் மகன் நம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்ததும் கைகூப்பிவிட்டுப் போனார். அந்தக் கூப்பிய கைகள் இத்தனை ஆண்டுகளாக நம் கண்முன் நிற்கின்றன. தேவசகாயத்தின் திருநாளில் பிரசங்கம் செய்ய ஏறும்போதெல்லாம் நமக்கு அந்தப் பின்வழிதான் நினைவுக்கு வருகிறது.

பெயரிலிருந்து விழுந்த சாதி

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் இப்பேறு பெற்ற முதல்வர் இவரே. அன்று அவரோடு புனிதராக உயர்த்தப்பட்ட மற்ற ஒன்பது பேரில் ஹாலந்து நாட்டுத் துறவி தீத்துஸ் பிராண்ட்ஸ்மாவும் ஒருவர். நாசிகளின் பிரசாரத்தைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று ஊக்குவித்ததற்காகச் சிறைப்பட்டு, 1942-இல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டவர். காலமும் தேசமும் வேறு. ஆனால் சூழ்ந்திருந்தோர் எல்லாரும் தலையாட்டியபோது தலையாட்ட மறுத்ததில் இருவரும் ஒன்றே.

புனிதர் பட்டத்துக்கு முன் ஒரு சிறு காரியம் நடந்தது. தேவசகாயம் பிள்ளை என்றே நீண்ட காலம் வழங்கிவந்தோம். சாதியை விட்டதற்காக உயிர் கொடுத்தவரின் பெயரிலே சாதிப் பட்டம் எதற்கு என்று விசுவாசிகள் சிலர் கேட்டார்கள். திருச்சபை அதை ஏற்று, அப்பட்டத்தை நீக்கி, தேவசகாயம் என்றே அறிவித்தது. அவர் 1745-இல் விட்டதை நாம் விட்டுமுடிக்க 2022 ஆயிற்று.

நம் பங்குக்கு

நம் கோவிலுக்குள்ளே சுவர் இல்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லுவோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சுவர் இல்லையா? பெண் பார்க்கும்போது முதல் கேள்வி எது? திருமுழுக்குப் பெற்றவரா என்பதா, வேறொன்றா? வரதட்சணைப் பேச்சு முடிந்த பிறகுதானே நம்மிடம் ஓலை வாசிக்க வருகிறார்கள்? சப்பரம் எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதில் நமக்குள்ள வைராக்கியம், அந்தத் தெருவில் பட்டினி கிடக்கும் வீட்டைப் பற்றி உண்டா? ஊரோடு ஒத்துவாழ் என்பது நல்ல பழமொழி. ஆனால் ஊர் ஒருவனை மிதிக்கும்போது அதோடும் ஒத்துப்போவதா?

துப்பாக்கி முன்னே நிற்கும்படி நம்மை யாரும் கேட்கப்போவதில்லை. நம்மிடம் கேட்கப்படுவது சிறியது: ஒரு பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவது, ஒரு சாவு வீட்டுக்குப் போவதா வேண்டாமா, பிள்ளைகளின் காதில் என்ன பேச்சு விழுகிறது என்பவை. தேவசகாயமும் அப்படிப்பட்ட சிறிய காரியத்தில்தான் தொடங்கினார். எளியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்.

வரும் ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் வேலைகளுக்கு நடுவே, அவருடைய திருநாள் வருகிறது. இயன்றவர்கள் காற்றாடிமலைக்குப் போய் வாருங்கள். போகிற வண்டியில், இதுவரை உங்களோடு ஒன்றாகப் பயணம் செய்யாத ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். நம் யூபிலிக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.

புனித தேவசகாயத்தின் மன்றாட்டால் இறைவன் நம் பங்கையும், நம் குடும்பங்களையும், நம் வயலையும் கடலையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவில் உங்கள்,
பங்குத் தந்தை,
கூடங்குளம்.